மின் தானுந்து மின்னேற்றமும் எரிபொருள் நிரப்பலும்

மின் தானுந்து மின்னேற்றம் என்பது, மின்சாரத்தால் இயங்கும் தானுந்து ஒன்றின் மின்கலத் தொகுதிக்கு வெளியிலிருந்து மின்னாற்றலைச் செலுத்திச் சேமிக்கும் செயல் ஆகும். பேச்சு வழக்கில் இது சார்ஜ் போடுதல் எனப்படும். பெட்ரோல் அல்லது டீசலால் இயங்கும் தானுந்துகளில் எரிபொருள் நிரப்புவதற்கு ஈடான செயலாக இது கருதப்படுகிறது. ஆயினும் நடைபெறும் இடம், எடுத்துக்கொள்ளும் நேரம், அந்நேரத்தில் ஓட்டுநர் செய்ய வேண்டியது ஆகிய மூன்றிலும் இவை இரண்டும் வேறுபடுகின்றன. எரிபொருள் நிரப்புவதற்கு வண்டி எரிபொருள் நிலையத்துக்குச் செல்ல வேண்டும். சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். மின்னேற்றம் பெரும்பாலும் வண்டி நிறுத்தப்பட்டிருக்கும் இடத்திலேயே, பல மணி நேரம், அருகில் ஆள் இல்லாமல் நடைபெறுகிறது.

இவ்வேறுபாட்டினால், இரண்டில் எது வசதியானது என்னும் கேள்விக்கு வண்டியை மட்டும் பார்த்து விடை கூற இயலாது. இரவில் வண்டி நிற்கும் இடத்தில் மின் இணைப்பு உண்டா இல்லையா என்பதே விடையைப் பெரிதும் தீர்மானிக்கிறது. ஒரே வகை மின் தானுந்து, சொந்த வண்டிக் கொட்டகை உள்ள ஒருவருக்குப் பெட்ரோல் வண்டியை விட எளிதானதாகவும், தெருவோரத்தில் வண்டியை நிறுத்தும் ஒருவருக்குப் பெருந்தொல்லையாகவும் அமையக்கூடும்.

வரலாறு

எரிபொருள் நிரப்புதல் தொடக்கத்தில் எளிதான செயலாக இருக்கவில்லை. 1888 ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் பெர்த்தா பென்சு, தம் கணவர் கார்ல் பென்சு உருவாக்கிய தானுந்தில் ஜெர்மனியின் மான்ஃகைம் நகரிலிருந்து ஃபோர்ட்சுகைம் நகருக்குச் சென்றார். வழியில் எரிபொருள் தீர்ந்தபோது, வீசுலோக் என்னும் ஊரிலிருந்த மருந்துக் கடையில் லிக்ரோயின் என்னும் பெட்ரோலிய நீர்மத்தை வாங்கி நிரப்பினார். அக்காலத்தில் அது துணிகளில் படிந்த கறையை நீக்குவதற்காக விற்கப்பட்டது. அதன் பிறகும் பல ஆண்டுகள் பெட்ரோல், கடைகளில் தகரக் கலன்களில் வாங்கிப் புனல் வைத்து ஊற்ற வேண்டிய பொருளாகவே இருந்தது.

அதே காலத்தில் ஐக்கிய அமெரிக்காவின் நகரங்களில் மின் தானுந்துகள் கணிசமாக ஓடின. பேக்கர், டெட்ராய்ட் எலக்ட்ரிக் முதலிய நிறுவனங்கள் அவற்றை உருவாக்கின. பெட்ரோல் வண்டியின் பொறியைக் கைப்பிடியால் வலுவாகச் சுழற்றியே இயக்க வேண்டியிருந்தது. மின் தானுந்துக்கு அத்தொல்லை இல்லை, புகையும் இல்லை. பெட்ரோல் தானுந்துகளைப் பெருமளவில் உருவாக்கிய ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா ஃபோர்டு ஓட்டி வந்தது 1914 ஆம் ஆண்டின் டெட்ராய்ட் எலக்ட்ரிக் மின் தானுந்து என்பது குறிப்பிடத்தக்கது. இவ்வண்டிகளை வைத்திருந்த செல்வந்தர்கள் தம் வீட்டுக் கொட்டகையிலேயே மின்னேற்றினர். மாறுதிசை மின்னோட்டத்தை நேர்திசை மின்னோட்டமாக மாற்றும் பாதரச வில் அலைதிருத்திகள் அதற்குப் பயன்பட்டன.

நிலைமை விரைவில் மாறியது. 1912 ஆம் ஆண்டின் காடிலாக் தானுந்தில் மின்சாரத் தொடக்கி பொருத்தப்பட்டதும் கைப்பிடி சுழற்றும் தொல்லை நீங்கத் தொடங்கியது. 1913 ஆம் ஆண்டில் கல்ஃப் நிறுவனம் பிட்சுபர்க் நகரில் தானுந்துகளுக்கெனவே அமைந்த எரிபொருள் நிலையத்தைத் திறந்தது. நாட்டுப்புறச் சாலைகள் வரை எரிபொருள் நிலையங்கள் பரவின. நாட்டுப்புற வீடுகளுக்கோ மின்சாரமே சென்றிருக்கவில்லை. இன்று பெட்ரோலின் இயல்பான பண்பு போலத் தோன்றும் வசதி, உண்மையில் இந்நிலையங்களின் வலையமைப்பால் உண்டானது.

தற்கால மின் தானுந்துகளுள் ஜெனரல் மோட்டார்சு நிறுவனத்தின் ஈ.வி.1 1996 இலும், நிசான் லீஃப் 2010 இலும் வெளிவந்தன. டெசுலா நிறுவனம் 2012 இல் கலிபோர்னியாவில் ஆறு விரைவு மின்னேற்ற நிலையங்களைத் திறந்தது.

ஆற்றல் பாயும் வேகம்

பெட்ரோல் மிகவும் அடர்த்தியான ஆற்றல் சேமிப்பாகும். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 கிலோவாட் மணி ஆற்றல் அடங்கியுள்ளது. கிலோவாட் மணி என்பது மின் கட்டண அட்டையில் ஒரு யூனிட் எனக் குறிக்கப்படும் அளவாகும். எரிபொருள் நிலையத்தின் குழாய் ஒரு நிமிடத்தில் 35 லிட்டர் வரை ஊற்றும் எனக் கொண்டால், அந்த ஒரு நிமிடத்தில் 315 யூனிட் ஆற்றல் வண்டிக்குள் செல்கிறது. இதை மின் திறனாகக் கூறினால் ஏறத்தாழ 19 மெகாவாட் ஆகும். கையில் பிடித்திருக்கும் ரப்பர் குழாய் ஒன்றின் வழியே ஒரு சிறு நகரத்தின் மின் தேவைக்கு ஒப்பான திறன் பாய்கிறது என்பது பலரும் எண்ணிப் பாராத ஒன்று.

பெட்ரோல் பொறி இவ்வாற்றலில் ஏறத்தாழ கால் பங்கை மட்டுமே சக்கரங்களுக்குத் தருகிறது. எஞ்சியது வெப்பமாக வீணாகிறது. மின் தானுந்து தன் மின்கலத்தில் உள்ள ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேலாகப் பயன்படுத்துகிறது. ஆகவே இரண்டையும் ஓடும் தொலைவால் ஒப்பிடுவதே முறையாகும். லிட்டருக்கு 15 கி.மீ. ஓடும் பெட்ரோல் வண்டி, குழாயடியில் நிற்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் 525 கி.மீ. தொலைவைப் பெறுகிறது. யூனிட்டுக்கு 6 கி.மீ. ஓடும் மின் தானுந்து, 150 கிலோவாட் விரைவு மின்னேற்றியில் நிமிடத்துக்கு 15 கி.மீ. பெறுகிறது. 50 கிலோவாட் மின்னேற்றியில் அது 5 கி.மீ. ஆகும். வீட்டில் பொருத்தப்படும் 7.4 கிலோவாட் மின்னேற்றியில் மணிக்கு 44 கி.மீ. மட்டுமே கிடைக்கும்.

இவ்வெண்களை மட்டும் பார்ப்போர் மின்னேற்றத்தை மெதுவான எரிபொருள் நிரப்பல் என்று முடிவு செய்கின்றனர். அம்முடிவு பாதி உண்மையே. தனியார் தானுந்து ஒன்று நாளொன்றுக்கு ஓடுவது ஓரிரு மணி நேரமே. மற்ற நேரமெல்லாம் அது எங்கோ நின்றுகொண்டிருக்கிறது. 16 ஆம்பியர் செருகுவாயிலிருந்து 3 கிலோவாட் வீதம் 10 மணி நேரம் மின்னேற்றினால் 30 யூனிட் செலவாகும். பத்தில் ஒரு பங்கு இழப்பு போக 27 யூனிட் மின்கலத்தில் சேரும். அது 160 கி.மீ. ஓடுவதற்குப் போதுமானது. நகரத்தில் வேலைக்குச் சென்று திரும்பும் பெரும்பாலோரின் ஒரு நாள் ஓட்டம் இதை விடக் குறைவு. வண்டி எடுத்துக்கொள்வது 10 மணி நேரம்; உரிமையாளர் செலவிடுவது செருகியைப் பொருத்தவும் கழற்றவும் ஆகும் அரை நிமிடம்.

மின்னேற்றும் முறைகள்

மின்கலங்கள் நேர்திசை மின்னோட்டத்தையே ஏற்கும். வீடுகளுக்கு வருவதோ மாறுதிசை மின்னோட்டம். ஒன்றை மற்றொன்றாக மாற்றும் கருவி எங்கே உள்ளது என்பதைப் பொறுத்து மின்னேற்ற முறைகள் இரண்டாகப் பிரிகின்றன. மெதுவான முறையில் அக்கருவி வண்டிக்குள்ளேயே இருக்கிறது. இடமும் எடையும் கருதி அது சிறியதாகவே அமைக்கப்படுவதால், அதன் திறன் பொதுவாக 3 முதல் 11 கிலோவாட் வரையும் சில வண்டிகளில் 22 கிலோவாட் வரையும் இருக்கும். சுவரில் மாட்டப்படும் பெட்டி, பெயரளவில் மின்னேற்றி எனப்பட்டாலும், உண்மையில் மின்சாரத்தைப் பாதுகாப்பாக வழங்கும் இணைப்பு மட்டுமே. விரைவு முறையில் மாற்றும் கருவி நிலையத்தில் பெரிய பெட்டியாக நிற்கிறது. அது நேர்திசை மின்னோட்டத்தை நேராக மின்கலத் தொகுதிக்கு அனுப்பும். இவ்வகை மின்னேற்றிகளின் திறன் 50 முதல் 350 கிலோவாட் வரையும் அதற்கு மேலும் உள்ளது.

விரைவு மின்னேற்றத்துக்கான இணைப்பிகள் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் சி.சி.எசு.2 வகையும், சீனாவில் அந்நாட்டின் சொந்தத் தரமும் வழக்கில் உள்ளன. வட அமெரிக்காவில் டெசுலா வகை இணைப்பியை ஃபோர்டு நிறுவனம் 2023 இல் ஏற்றபின் மற்ற நிறுவனங்களும் அதனைப் பின்பற்றின. ஜப்பானில் 2010 இல் உருவான சாடெமோ என்னும் தரத்தின் பெயர், தேநீர் அருந்தலாமா எனக் கேட்கும் ஜப்பானியத் தொடரை நினைவூட்டுமாறு அமைக்கப்பட்டது. ஒரு கோப்பைத் தேநீர் அருந்தும் நேரத்தில் மின்னேற்றம் முடிந்துவிடும் என்பது அதன் உட்பொருள். அக்கால 50 கிலோவாட் மின்னேற்றிகளில் அரை மணி நேரம் ஆனதைக் கருதினால், அது சற்று நிதானமாக அருந்தப்பட்ட தேநீராகவே இருந்திருக்கும்.

சாதாரணச் செருகுவாயில் மின்னேற்றுவதில் ஓர் எச்சரிக்கை தேவை. நீர்ச் சூடாக்கி போன்ற கருவிகள் சில நிமிடங்களே மிகுதியான மின்னோட்டத்தை எடுக்கும். தானுந்தோ அதே அளவு மின்னோட்டத்தை இரவு முழுவதும் எடுக்கும். பழைய கம்பிகளும் தளர்ந்த இணைப்புகளும் இதனால் சூடேறித் தீப்பிடிக்க வாய்ப்புண்டு. ஆகவே தனிக் கம்பி, முறையான நிலத்தொடுப்பு, கசிவு மின்னோட்டத்தைக் கண்டு துண்டிக்கும் கருவி ஆகியவை கொண்ட தனி இணைப்பு பரிந்துரைக்கப்படுகிறது.

மின்கலம் நிரம்பும் விதம்

எரிபொருள் தொட்டி அடிமுதல் நுனிவரை ஒரே வேகத்தில் நிரம்பும். இலித்தியம் அயனி மின்கலம் அவ்வாறு நிரம்புவதில்லை. மின்னேற்றத்தின்போது இலித்தியம் அயனிகள் நேர்மின்வாயிலிருந்து வெளியேறி, எதிர்மின்வாயில் உள்ள கிராஃபைட்டின் அடுக்குகளுக்கிடையே சென்று தங்குகின்றன. புறப்படும் இடத்தில் காலியாக வந்து நிற்கும் பேருந்தில் முதலில் ஏறுவோர் விரைந்து அமர்ந்துவிடுவர். பாதிக்கு மேல் நிரம்பிய பின் ஏறுவோர், இருக்கை எங்கே உள்ளது எனத் தேடி மெல்ல நகர வேண்டியிருக்கும். மின்கலத்திலும் ஏறத்தாழ இதுவே நிகழ்கிறது. இடம் கிடைப்பதற்கு முன் அயனிகளை வலிந்து திணித்தால், அவை கிராஃபைட்டின் மேற்பரப்பில் உலோக இலித்தியமாகப் படிந்துவிடும். இப்படிவு மின்கலத்தின் கொள்ளளவைக் குறைக்கும். முற்றினால் உள்ளேயே குறுக்குச் சுற்று ஏற்படவும் காரணமாகும்.

இதனைத் தவிர்க்க, மின்கலம் நிரம்ப நிரம்ப வண்டியின் கட்டுப்பாட்டுக் கணினி மின்னேற்ற வேகத்தைக் குறைத்துக்கொண்டே வருகிறது. மின்னேற்றியின் மேல் 150 கிலோவாட் என எழுதப்பட்டிருந்தாலும், அத்திறனை வண்டி சில நிமிடங்களே ஏற்கக்கூடும். தயாரிப்பாளர்கள் 10 விழுக்காட்டிலிருந்து 80 விழுக்காடு வரையிலான நேரத்தை மட்டும் விளம்பரப்படுத்துவதற்கு இதுவே காரணம். எஞ்சிய 20 விழுக்காட்டுக்கு அதற்கு நிகரான நேரம் பிடிப்பதும் உண்டு. பெட்ரோல் வண்டி ஓட்டிப் பழகியவர்கள் தொட்டி நிரம்பும் வரை நிற்கும் வழக்கத்தை விரைவு மின்னேற்ற நிலையத்திலும் தொடர்ந்தால், தாமும் காத்திருந்து பின்னால் நிற்பவரையும் காக்க வைப்பர். 80 விழுக்காட்டில் புறப்பட்டு அடுத்த நிலையத்தில் மீண்டும் சிறிது ஏற்றிக்கொள்வதே பெரும்பாலும் விரைவான வழியாகும்.

நேரக் கணக்கு

ஆண்டுக்கு 12,000 கி.மீ. ஓடும் ஒரு தானுந்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். மேற்கூறிய பெட்ரோல் வண்டிக்கு ஆண்டுக்கு 800 லிட்டர் தேவைப்படும். ஒவ்வொரு முறையும் 35 லிட்டர் நிரப்பினால் 23 முறை நிலையத்துக்குச் செல்ல வேண்டும். வழி மாறிச் செல்வது, வரிசையில் நிற்பது, பணம் செலுத்துவது ஆகியவற்றுடன் சேர்த்து முறைக்கு 10 நிமிடம் எனக் கொண்டால், ஆண்டுக்கு 4 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகும்.

வீட்டில் மின் இணைப்பு உள்ளவர் இரு நாள்களுக்கு ஒருமுறை செருகியைப் பொருத்துவதாகக் கொண்டால், ஆண்டுக்கு 180 முறை, முறைக்கு அரை நிமிடம் வீதம், ஒன்றரை மணி நேரம் ஆகும். அவர் ஆண்டில் ஆறு நெடும் பயணங்கள் செய்து, ஒவ்வொன்றிலும் இருமுறை 25 நிமிடம் நின்றால் மேலும் 5 மணி நேரம் சேரும். மொத்தம் ஆறரை மணி நேரம். ஆகவே மொத்த நேரத்தைக் கூட்டினால் பெட்ரோல் வண்டியே சற்று முந்துகிறது. மின் தானுந்து உரிமையாளர்கள் இக்கணக்கை ஒப்புவது அரிது. ஏனெனில் அவர்களின் காத்திருப்பு முழுவதும் பயண நாள்களில், பெரும்பாலும் உணவு வேளையில், கழிந்துவிடுகிறது. ஆண்டின் மற்ற நாள்களில் வண்டி காலையில் ஆயத்தமாகவே நிற்கிறது.

மூன்றாமவருக்கு வீட்டில் இணைப்பு இல்லை. அவருக்குத் தேவையான 2,000 யூனிட்டையும் பொது மின்னேற்றியிலேயே பெற வேண்டும். முறைக்கு 35 யூனிட் வீதம் 57 முறை செல்ல வேண்டியிருக்கும். 50 கிலோவாட் மின்னேற்றியில் முறைக்கு 45 நிமிடம் எனக் கொண்டால், ஆண்டுக்கு ஏறத்தாழ 43 மணி நேரமாகிறது. இது ஒரு முழு வார வேலை நேரத்துக்கு ஈடானது. வண்டி ஒன்றே, ஓட்டமும் ஒன்றே; ஆறரை மணிக்கும் 43 மணிக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் ஒரு செருகுவாயால் வந்தது. பெரும்பாலான நாடுகளில் பொது விரைவு மின்னேற்றிகளின் கட்டணம் வீட்டு மின்சாரத்தை விட மிகுதி என்பதால், நேரத்தில் இழப்பவர் பணத்திலும் இழக்கிறார்.

நோர்வே

மின் தானுந்துகள் பெருவழக்காகிவிட்ட நாடாக நோர்வே திகழ்கிறது. அங்கு 2024 இல் விற்பனையான புதிய தானுந்துகளுள் ஏறத்தாழ 89 விழுக்காடும், 2025 இல் ஏறத்தாழ 96 விழுக்காடும் மின் தானுந்துகளாகும். பல பத்தாண்டுகளாக அளிக்கப்பட்ட வரிவிலக்குகளே இதற்கு முதன்மைக் காரணம் எனக் கூறப்படுவது சரியே. ஆயினும் வேறு சில காரணங்களும் உள்ளன. மக்களுள் பலர் தனி வீடுகளில் வசிக்கின்றனர். வண்டி வீட்டு வாசலிலேயே நிற்கிறது. குளிர்காலத்தில் வீடுகள் மின்சாரத்தால் சூடேற்றப்படுவதால், வீட்டு மின் இணைப்புகளும் வலுவானவை. நீர்மின்சாரம் மிகுதியாகக் கிடைக்கிறது.

அடுக்ககங்களில் வாழ்வோருக்காக அந்நாடு சட்டம் இயற்றியது. 2018 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த அடுக்கக உரிமைச் சட்டத்தின்படி, உரிமையாளர் ஒருவர் தம் வண்டி நிறுத்துமிடத்தில் மின்னேற்றி அமைக்க விரும்பினால், தக்க காரணம் இன்றி உரிமையாளர் சங்கம் அதை மறுக்க இயலாது. ஒசுலோ நகராட்சியோ 2008 முதலே தெருவோர மின்னேற்றிகளை நிறுவி வருகிறது.

நோர்வேயிலும் குறைகள் இல்லாமல் இல்லை. உயிர்த்த ஞாயிறு விடுமுறையில் பலர் மலைப்பகுதியில் உள்ள தம் குடில்களுக்கு ஒரே நாளில் புறப்படுவதால், வழியிலுள்ள விரைவு மின்னேற்றிகளில் வரிசை நீள்கிறது. ஆண்டில் சில நாள்களே வரும் இந்நெரிசலுக்காக எத்தனை மின்னேற்றிகளை நிறுவுவது என்பது, திருவிழாக் காலத்துக்கு எத்தனை சிறப்புப் பேருந்துகள் விடுவது என்பதை ஒத்த கேள்வியாகும்.

வீட்டில் இணைப்பு இல்லாதோர்

ஜெர்மனியில் 2020 ஆம் ஆண்டு இறுதியில் அடுக்கக உரிமையாளர்களுக்கு மின்னேற்றி கோரும் உரிமை வழங்கப்பட்டது. இங்கிலாந்தில் 2022 ஆம் ஆண்டு சூன் முதல், வண்டி நிறுத்துமிடத்துடன் கட்டப்படும் புதிய வீடுகளில் மின்னேற்ற இணைப்பு கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் இலண்டன் போன்ற நகரங்களில் வரிசை வீடுகளுக்கு வண்டி நிறுத்துமிடமே கிடையாது. வண்டி தெருவில் நிற்கும். அங்கே தெருவிளக்குக் கம்பங்களில் சிறிய மின்னேற்றிகள் பொருத்தப்பட்டுள்ளன. விளக்குகள் குறைந்த மின்சாரத்தில் ஒளிரும் எல்.ஈ.டி. வகைக்கு மாறியதால் மிஞ்சிய மின் திறன் இதற்குப் பயன்படுகிறது. இவை மெதுவானவை என்றாலும், வண்டி இரவெல்லாம் நிற்கும் இடத்திலேயே இருப்பதால் விரைவு மின்னேற்றியை விடப் பயன் மிக்கவை.

இந்தியாவில், மின் தானுந்துக்கு மின்னேற்றுவது மின்சார விற்பனை அன்று, ஒரு சேவையே என 2018 இல் நடுவண் மின் துறை அமைச்சகம் விளக்கியது. இதனால் உரிமம் இன்றி எவரும் மின்னேற்ற நிலையம் அமைக்க வழி பிறந்தது. 2019 இல் திருத்தப்பட்ட மாதிரிக் கட்டட விதிகள், வண்டி நிறுத்துமிடத்தில் 20 விழுக்காட்டை மின்னேற்ற வசதிக்கு ஒதுக்கப் பரிந்துரைத்தன. புதிய கட்டடங்களுக்கு இது பொருந்தும். பழைய அடுக்ககங்களில் நிலைமை வேறு. சென்னையில் காணப்படும், தரைத்தளத்தில் தூண்களிடையே வண்டி நிறுத்தும் அடுக்ககங்களில், பொது மின் இணைப்பிலிருந்து மின்சாரம் எடுத்தால் கட்டணத்தை யார் கட்டுவது, மூன்றாம் மாடியில் உள்ள தம் மீட்டரிலிருந்து கம்பி இழுத்துவர யார் இசைவு தருவது, தீப்பற்றினால் யார் பொறுப்பு என்ற கேள்விகள் எழுகின்றன. இவற்றுள் தொழில்நுட்பக் கேள்வி என்று எதுவும் இல்லை. சங்கக் கூட்டத்தில் தீர்க்க வேண்டியவையே எல்லாம்.

நெடும் பயணமும் நம்பகமும்

நெடும் பயணத்தில் எரிபொருள் வண்டியின் மேன்மை தெளிவானது. எந்த நிலையத்திலும் எந்த வண்டியும் நிரப்பிக்கொள்ளலாம். பணமாகவோ அட்டையிலோ செலுத்தலாம். இந்தியாவில் ஓட்டுநர் இறங்க வேண்டிய தேவையும் இல்லை. ஊழியரே நிரப்பித் தருவார். பொது மின்னேற்றிகளில் நிறுவனத்துக்கு ஒரு செயலி, செயலிக்கு ஒரு கணக்கு, கணக்கில் முன்பணம் என்ற நிலை பல நாடுகளில் இருந்து வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 இல் இயற்றிய விதிமுறை, முன்பதிவு ஏதுமின்றி வருவோரும் பணம் செலுத்தி மின்னேற்ற வழி இருக்க வேண்டும் எனவும், முதன்மை நெடுஞ்சாலைகளில் 60 கி.மீ.க்கு ஒரு விரைவு மின்னேற்ற நிலையம் அமைக்கப்பட வேண்டும் எனவும் வலியுறுத்தியது.

மின்னேற்றி பழுதாகி நிற்பது மற்றொரு குறை. 2022 இல் சான் பிரான்சிசுகோ விரிகுடாப் பகுதியில் 657 பொது விரைவு மின்னேற்ற இணைப்புகளை ஆய்வாளர்கள் நேரில் சோதித்தபோது, 72.5 விழுக்காடு மட்டுமே இயங்கும் நிலையில் இருந்தன. எரிபொருள் நிலையத்தில் எந்நேரமும் ஊழியர் இருப்பதால் பழுது உடனே தெரியவரும். மின்னேற்றி பெரும்பாலும் ஆளில்லா நிறுத்துமிடத்தின் மூலையில் நிற்கிறது. அதன் பழுதை முதலில் அறிபவர் மின்கலம் தீரும் தறுவாயில் வந்து சேரும் ஓட்டுநரே.

குளிர்

குளிரில் அயனிகள் மெதுவாக நகர்வதால் மின்னேற்றமும் மெதுவாகிறது. உள்ளறையைச் சூடேற்றுவதற்கும் மின்கலத்தின் ஆற்றலே செலவாகிறது. 2024 ஆம் ஆண்டு சனவரியில் சிகாகோ பகுதியில் கடுங்குளிர் நிலவியபோது, விரைவு மின்னேற்ற நிலையங்களில் மின் தானுந்துகள் பல மணி நேரம் வரிசையில் நின்றன. சில வண்டிகள் வரிசையிலேயே மின்சாரம் தீர்ந்து நின்றுவிட்டன. மின் தானுந்துகள் குளிருக்கு ஒவ்வாதவை என்பதற்கு இது சான்றாகக் காட்டப்பட்டது. ஆனால் அதே குளிரை நோர்வே மக்கள் ஒவ்வோர் ஆண்டும் காண்கின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் வீட்டில் மின்னேற்றுவதாலும், புறப்படுவதற்கு முன் வண்டியையும் மின்கலத்தையும் வீட்டு மின்சாரத்திலேயே சூடேற்றிக்கொள்வதாலும் அத்தகைய நிலை அரிதாகவே ஏற்படுகிறது. வீட்டில் இணைப்பின்றிப் பொது மின்னேற்றியை மட்டுமே நம்பியிருப்போருக்கு இவ்வாய்ப்பு இல்லை.

வழங்கல் தடைப்படும்போது

வசதி என்பது வழங்கல் தடையின்றி நடைபெறும் வரையில்தான். இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது எரிபொருள் நிலையங்களின் முன் வண்டிகள் நாள்கணக்கில் வரிசையில் நின்றன. சூலை மாதம் முதல், விரைவுத் தகவற் குறியீடு கொண்ட தேசிய எரிபொருள் அனுமதி முறையில் வாராந்திர அளவு பங்கிடப்பட்டது. 2015 அளவில் அந்நாட்டில் பெருமளவு இறக்குமதி செய்யப்பட்டிருந்த நிசான் லீஃப் வண்டிகளுக்கு அவ்வரிசையில் நிற்கும் தேவை இல்லை. ஆனால் அதே ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிலவியது. அதாவது எரிபொருள் பற்றாக்குறை மின் நிலையங்களையும் விட்டுவைக்கவில்லை. மறுபுறம், மின்சாரம் இல்லையெனில் எரிபொருள் நிலையத்தின் குழாய்களும் இயங்கா. 2012 இல் சாண்டி புயலுக்குப் பின் நியூயார்க், நியூ செர்சி பகுதிகளில் நிலத்தடித் தொட்டியில் பெட்ரோல் இருந்தும் மின்சாரம் இல்லாததால் பல நிலையங்கள் மூடிக்கிடந்தன.

காத்திருப்பைக் குறைக்கும் முயற்சிகள்

தீர்ந்த மின்கலத்தைக் கழற்றி நிரம்பிய மின்கலத்தைப் பொருத்தும் மின்கல மாற்று முறை 1910களிலேயே ஐக்கிய அமெரிக்காவின் ஆர்ட்ஃபோர்டு நகரில் மின் சரக்குந்துகளுக்குப் பயன்பட்டது. 2007 இல் தொடங்கப்பட்ட பெட்டர் பிளேசு நிறுவனம் இசுரேலிலும் டென்மார்க்கிலும் இதனை மீண்டும் முயன்று 2013 இல் நொடித்துப்போனது. ஒரு வகை மின்கலத்தை ஏற்கும் வண்டி மாதிரிகள் போதிய அளவில் இல்லாமை அதன் முதன்மைச் சிக்கல். சீனாவின் நியோ நிறுவனம் தன் வண்டிகளுக்குத் தானே நிலையங்களை அமைத்துக்கொண்டு 2018 முதல் இம்முறையை நடத்தி வருகிறது. அதன் மாற்று நிலையங்கள் மூவாயிரத்தைத் தாண்டிவிட்டன.

மற்றொரு வழி மின்னழுத்தத்தை உயர்த்துவதாகும். ஒரே திறனை இருமடங்கு மின்னழுத்தத்தில் அனுப்பினால் மின்னோட்டம் பாதியாகும். வடத்தில் உண்டாகும் வெப்பம் கால் பங்காகும். 2019 இல் வெளிவந்த போர்ஷே டைக்கான், 2021 இல் வெளிவந்த இயுண்டாய் ஐயோனிக் 5 ஆகியவை 800 வோல்ட்டு முறையைக் கொண்டவை. பின்னதை 10 முதல் 80 விழுக்காடு வரை ஏற்றுவதற்கு, உகந்த நிலையில், 18 நிமிடம் போதும். 2025 மார்ச்சில் சீனாவின் பி.ஒய்.டி. நிறுவனம் 1,000 கிலோவாட் திறனில் மின்னேற்றும் தானுந்துகளை அறிமுகப்படுத்தி, ஐந்து நிமிடத்தில் 400 கி.மீ. ஓடத் தேவையான மின்சாரத்தை ஏற்றலாம் என அறிவித்தது. இது பெட்ரோல் குழாயின் 19 மெகாவாட்டில் இருபதில் ஒரு பங்கே எனினும், காத்திருப்பு நேரத்தில் பெட்ரோல் வண்டியை நெருங்கிவிடுகிறது.

இத்தகைய மின்னேற்றிகள் பத்து ஒரே நிலையத்தில் ஒரே நேரத்தில் இயங்கினால் 10 மெகாவாட் தேவைப்படும். சாதாரணத் தெரு மின்மாற்றி அதைத் தாங்காது. ஆகவே நிலையத்திலேயே பெரிய மின்கலங்களை வைத்து, அவற்றை மெதுவாக நிரப்பி, வண்டி வரும்போது விரைந்து வெளியேற்றும் முறை கையாளப்படுகிறது. எரிபொருள் நிலையத்தின் நிலத்தடித் தொட்டி செய்யும் வேலையையே இங்கு இம்மின்கலங்கள் செய்கின்றன.